முறுக்கி டேப் சுத்தின வயரும் லண்டன் மழையும்



இந்த இதழில் ஒரு கைவேலைப் பாடம். வாகனத்தில் பழுதான வயர் பிளக்கை எடுத்துவிட்டு, தண்ணீர் புகாத பிளக் ஒன்றைக் குறைந்த செலவில் போடுவது எப்படி என்று பார்ப்போம்.

"என்னட்டைக் காரே இல்லை, எனக்கு ஏன் இது?" என்று கேட்பீர்கள். குட்மேய்ஸ் பக்கம் வந்து தங்கியிருக்கிற உறவுகளில் பலர் ஊரில் ஏதோ ஒரு வாகனத்தோடு சீவித்தவர்கள். ஓட்டோ, வான், லான்ட்மாஸ்டர், மோட்டச்சைக்கிள் என்று கை பழகியிருக்கு. கேஸ் முடிவு வரும் வரைக்கும் அந்தக் கை துருப்பிடிக்கக் கூடாது. ஆனால் அதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேணும். அதைக் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கிறேன். யாராவது உங்களை "கராஜுக்கு வந்து உதவி செய்" என்று கூப்பிட்டிருந்தால், அந்தப் பகுதியை முதலில் வாசியுங்கோ.

எங்கட வானுக்கு நடந்தது

எங்கட நிலையத்தில் ஒரு பழைய வான் இருக்கு. சாப்பாட்டுப் பொதிகள் கொண்டுபோகிற வான். போன தை மாதம் ஒருநாள் அதை ஓடுகிற அண்ணை வந்து சொன்னார்: "ரீச்சர், பிறேக் பிடிச்சால் சிக்னல் லைட்டும் சேர்ந்து மங்கலா எரியுது. பின்னுக்கு வாறவங்கள் ஹோன் அடிக்கிறாங்கள்."

பொதி கட்ட உதவிக்கு வந்திருந்த தம்பி ஒருவர், ஊரில் கராஜில் நின்று பழகினவர், வானைப் பார்க்காமலே சொன்னார்: "அது எர்த் பிழை அண்ணை."

பின் பம்பருக்குள் கையை விட்டுப் பிளக்கை இழுத்துப் பார்த்தோம். ஒரு பக்கத்து விளக்குகளுக்கு ஆறு வயர் போகிற பிளக். ஐந்து முனைகள் பச்சை பிடித்திருந்தன. ஆறாவது, எர்த் வயர் வருகிற இடம், கறுத்து உருகிப் போயிருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, முன்பு யாரோ வயரை வெட்டி முறுக்கிக் கறுப்பு டேப் சுத்தியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே தண்ணீர் நின்றது.

தம்பி சிரித்துக்கொண்டு சொன்னார்: "ரீச்சர், நானும் ஊரில இப்பிடித்தான் செய்வன்."

ஊரில் சரி, இங்கே ஏன் பிழை?

தம்பி சொன்னதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, பற்றறியும் இல்லை. பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி வானொலி கேட்டோம். அந்தக் காலத்தில் புதுப் பிளக் எங்கே வாங்குவது? முறுக்கி டேப் சுத்தின வயர்தான் எங்களைக் காப்பாற்றியது.

இங்கே இரண்டு விஷயம் வேறு.

ஒன்று, ஈரம். ஊரில் மழை பெய்தாலும் பிறகு வெயில் எறிக்கும், வயர் காயும். இங்கே ஐப்பசியில் நனைந்த பம்பர் பங்குனி வரைக்கும் ஒழுங்காகக் காயாது. டேப்புக்குள் போன தண்ணீர் வெளியே வராது. அது மட்டுமில்லை. வாகன வயருக்குள் இருப்பது ஒரே கம்பி இல்லை, மெல்லிய செப்பு இழைகள். மண்ணெண்ணெய் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது போல, இந்த இழைகளும் இடைவெளி வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால்தான் பிளக்கில் இருந்து ஒரு சாண் தள்ளி வயரை வெட்டினாலும் உள்ளே கறுப்பாக இருக்கும்.

இரண்டு, உப்பு. குளிர் காலத்தில் றோட்டில் ஐஸ் பிடிக்காமல் இருக்க கவுன்சில் லொறிகள் உப்புத் தூவும். நாங்கள் கறிக்குப் போடுகிற உப்பின் அதே சாதிதான், பாறை உப்பு. செஷயரில் வின்ஸ்போர்ட் என்ற இடத்தில் நிலத்துக்குக் கீழே பெரிய சுரங்கம் வைத்து வெட்டி எடுக்கிறார்கள். ஆனையிறவு உப்பளக் காற்றில் நின்ற சைக்கிளின் செயின் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே ஒவ்வொரு காரும் மாரி முழுக்க அந்த உப்புத் தண்ணீரில்தான் ஓடுது. அது செம்பில் பட்டால் களிம்பு பிடிக்கும். அந்தப் பச்சை நிறம் அதுதான்.

எர்த் முனை மட்டும் ஏன் உருகியது?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்படாதேங்கோ, வகுத்தல் மட்டும்தான்.

அந்தப் பக்கத்தில் ஐந்து பல்ப். பின் லைட் 5 வாற். பிறேக், சிக்னல், றிவேர்ஸ், பனி லைட் நாலும் 21 வாற் வீதம். எல்லாம் கூட்டினால் 89 வாற். 12 வோல்ற்றால் வகுத்தால் ஏறக்குறைய 7.4 அம்பியர். ஒவ்வொரு பல்புக்கும் மின்சாரம் தனித்தனி வயரில் போகிறது. 21 வாற் பல்பின் வயரில் 1.75 அம்பியர்தான் ஓடும். ஆனால் திரும்பி வருவது எல்லாம் ஒரே எர்த் வயரில். ஐந்து பேர் தனித்தனி வாசலால் உள்ளே போய், ஒரே வாசலால் வெளியே வருகிற மாதிரி.

இப்போது அந்த வாசலில் களிம்பு பிடித்து அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கோ. எல்லா லைட்டும் எரிகிற நேரத்தில் அந்த ஒரு முனையில் ஏறக்குறைய 16 வாற் வெப்பம் வரும். சின்னப் பின் லைட் பல்புகள் மூன்றின் சூடு, விரல் நகம் அளவு பிளாஸ்ரிக்குக்குள். உருகாமல் என்ன செய்யும்?

வெளியே போகிற வழி அடைபட்டதால் மின்சாரம் வேறு வழி தேடும். பிறேக் பல்புக்கு வந்தது சிக்னல் பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். பிறேக் பிடிக்க சிக்னல் மங்கலாக எரிந்தது அதனால்தான். இந்த அறிகுறியைக் கண்டால் பல்பை மாத்திக் காசை வீணாக்காதேங்கோ. முதலில் எர்த்தைப் பாருங்கோ.

என்ன வாங்க வேணும்?

தண்ணீர் புகாத பிளக் பல வகை இருக்கு. கார், வானுக்கு அதிகம் கிடைப்பது சூப்பர்சீல் 1.5 என்ற வகை. ஒரு கண்ணில் இருந்து ஆறு கண் வரைக்கும் வரும். ஒரு முனை 14 அம்பியர் வரை தாங்கும். எங்கட 7.4 அம்பியருக்குத் தாராளம். டொய்ச் டி.ரி. என்பது இன்னொரு வகை. லொறி, உழவு யந்திரம் போன்றவற்றில் காணலாம். உறுதியானது, விலை கூட. 13 அம்பியர் தாங்கும்.

பெட்டியில் ஐ.பி. 67 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கோ. 6 என்றால் தூசி போகாது. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது.

ஆறு கண் பிளக் ஒரு சோடி சில பவுண்தான். முழுப் பெட்டியாக நூறு பிளக் வாங்கத் தேவையில்லை. விலை கூடியது முனையை நசுக்குகிற கிறிம்ப் குறடுதான். அதை ஆளுக்கு ஒன்று வாங்காமல், தெரிந்தவரிடம் இரவல் வாங்குங்கோ. எங்கட நிலையத்திலும் ஒன்று இருக்கு. சாதாரண குறட்டால் நசுக்கினால் பிடிக்காது, இதை மட்டும் விட்டுக்கொடுக்காதேங்கோ.

மலிவுப் பொருளில் ஒரு சோதனை: உலோக முனையில் காந்தத்தை வையுங்கோ. ஒட்டினால் அது இரும்பு. வேண்டாம். வெள்ளீயம் பூசின செம்பு அல்லது பித்தளைதான் வேணும்.

இன்னொன்று கவனியுங்கோ. இரண்டு பக்கமும் வயர் வருகிற பிளக் என்றால்தான் இரண்டு பாதியையும் எடுத்துவிட்டுப் புதுச் சோடி போடலாம். பிளக் நேரே லைட்டுக்குள் செருகுகிறது என்றால் இந்தப் புதுப் பிளக் அதற்குள் போகாது. அப்படியானால் அதே மொடல் வாகனத்தின் பழைய பிளக்கை, ஒரு சாண் வயர் வாலோடு, பழைய வாகனம் பிரித்து விற்கிற இடத்தில் வாங்கி, அந்த வாலைத் தண்ணீர் புகாத பிளக்கால் இணைக்கலாம்.

தொடக் கூடாதவை

மஞ்சள் நிறப் பிளக்கும் வயரும் பெரும்பாலும் எயார்பாக்குக்குப் போவது. தவறுதலாக வெடித்தால் முகம் போகும். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர் மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் இருக்கும். அதில் ஓடுவது 12 வோல்ற் இல்லை, உயிரை எடுக்கிற அளவு. பிறேக்கின் ஏ.பி.எஸ். வயர், எஞ்சின் கம்பியூட்டர் வயர் இவையும் எங்கட வேலை இல்லை. எங்கட பாடம் விளக்கு வயரோடு மட்டும்.

செய்முறை

1. சாவியை எடுத்துவிடுங்கோ. பற்றறியின் மைனஸ் வயரை முதலில் கழட்டுங்கோ. றேடியோவுக்குக் கோட் நம்பர் இருந்தால் அதற்கு முதல் எழுதி வையுங்கோ.

2. பழைய பிளக்கை இரண்டு பக்கமும் ஃபோனில் படம் எடுங்கோ. எந்த நிற வயர் எந்தக் கண்ணில் என்று பேப்பரிலும் எழுதுங்கோ. சில பிளக்கில் ஒரே நிறம் இரண்டு முறை வரும். பேப்பர் பொய் சொல்லாது.

3. எல்லா வயரையும் ஒரேயடியாக வெட்டாதேங்கோ. ஒன்றை வெட்டி, முடித்து, அடுத்தது. செம்பு பளபளப்பாகத் தெரியும் வரைக்கும் பின்னுக்கு வெட்டுங்கோ. கறுத்த செம்பில் புது முனை போட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள். வயர் கட்டையாகிப் போனால், அதே தடிப்பில் ஒரு துண்டு வயரைச் சேர்த்து, சூடாக்கச் சுருங்குகிற, உள்ளே பசை உள்ள குழாயால் மூடுங்கோ.

4. சின்ன றப்பர் சீலை முதலில் வயரில் ஏற்றுங்கோ. எங்கட வகுப்பில் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதை மறந்து, முனையை நசுக்கின பிறகு தலையில் கை வைத்தவர்கள். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. சீல் வயரில் இறுக்கமாக இருக்க வேணும். வயரின் தடிப்புக்குச் சரியான சீல் எது என்று பக்கெற்றில் எழுதியிருக்கும்.

5. வயரின் தோலை ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் உரியுங்கோ. செப்பு இழை ஒன்றும் வெட்டுப்படக் கூடாது.

6. உலோக முனையில் இரண்டு சோடி இறக்கை இருக்கும். முன் சோடி செம்பைப் பிடிக்கும். பின் சோடி சீலைப் பிடிக்கும். இரண்டையும் கிறிம்ப் குறட்டால் நசுக்குங்கோ. பிறகு வயரைப் பிடித்து நல்லா இழுத்துப் பாருங்கோ. இப்போது கழர்ந்தால் நல்லது, றோட்டில் கழர்வதை விட.

7. முனையைப் பிளக்கின் கண்ணுக்குள் "கிளிக்" என்று சத்தம் கேட்கும் வரை தள்ளுங்கோ. திரும்பவும் மெதுவாக இழுத்துப் பாருங்கோ. பற்றறிப் பக்கம் இருந்து வருகிற வயர்களுக்கு குழி முனையைப் போடுங்கோ. அப்போதுதான் பிளக் கழன்று கிடந்தாலும் மின்சாரம் உள்ள உலோகம் வெளியே தெரியாது. கண் ஏதாவது காலியாக இருந்தால் அதற்கு உரிய அடைப்பானைப் போடுங்கோ. ஒரு கண் திறந்திருந்தால் மற்றச் சீல் எல்லாம் வீண்.

8. பிளக்கை வைக்கும்போது வயர் கீழே கொஞ்சம் தொங்கி, பிறகு மேலே ஏறிப் பிளக்குக்குள் போகிற மாதிரி கட்டுங்கோ. வயர் வழியே ஓடி வருகிற தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். சைலன்சர் குழாய்க்குக் கிட்ட வைக்காதேங்கோ.

9. பற்றறியின் மைனஸ் வயரைத் திரும்பப் பூட்டுங்கோ. ஒருவர் உள்ளே இருந்து ஒவ்வொரு லைட்டாகவும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்தும் போட, மற்றவர் பின்னுக்கு நின்று பார்க்க வேணும். பத்து நிமிடம் எரிய விட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கோ. சூடாக இருந்தால் எங்கோ பிழை. திரும்பக் கழட்டுங்கோ.

குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கனைப் பிளக்குக்குள் அடைக்காதேங்கோ. வினாகிரி மணம் வருகிற வகை செம்பையே அரிக்கும்.

கராஜில் கேட்கும் சில சொற்கள்

லூம்: வயர்க் கட்டு முழுவதும்.
எர்த்: திரும்பிப் போகிற வயர், வாகனத்தின் உடம்போடு பூட்டியிருக்கும்.
ரேர்மினல்: வயர் நுனியில் நசுக்குகிற உலோக முனை.
ஹவுசிங்: முனைகளைப் பிடிக்கிற பிளாஸ்ரிக் கூடு.
பிளாங்கிங் பிளக்: காலிக் கண்ணுக்கான அடைப்பான்.
ஹீற் ஷ்றிங்க்: சூடாக்கச் சுருங்கும் குழாய்.
எம்.ஓ.ரி.: மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஒவ்வொரு வருடமும் செய்கிற பரிசோதனை. பிறேக் லைட் எரியாவிட்டால் தேறாது.

இப்போது முக்கியமான பகுதி

எங்கட வானின் பிளக்கை அந்தத் தம்பிதான் மாத்தினார். பிறகு தகுதி பெற்ற மெக்கானிக் ஒருவர் பார்த்து "நல்ல வேலை" என்றார். ஒரு கிழமைக்குப் பிறகு தம்பி என்னிடம் வந்தார். ஒரு கராஜ்காரர் கூப்பிட்டாராம். "நாளுக்கு முப்பது பவுண், சாப்பாடும் தாறன், கையில காசு, ஒருத்தருக்கும் தெரியாது." தம்பி கேட்டார்: "ரீச்சர், போகட்டா?"

அவர் ஊருக்கு அனுப்பக் காசு இல்லாமல் தவிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். "போகாதை" என்று சொல்வது லேசு இல்லை. அதனால் நான் அவருக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். முடிவு உங்களுடையது, ஆனால் தெரிந்துகொண்டு எடுங்கோ.

முதலாவது: தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. உங்கள் பெயில் 201 பத்திரத்தில் வேலை பற்றியும் படிப்பு பற்றியும் என்ன எழுதியிருக்கு என்று பாருங்கோ. அனுமதி இல்லாமல் வேலை செய்வதை 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் குற்றமாக்கியிருக்கு. சிறைக்கும் போகலாம், உழைத்த காசையும் பறிக்கலாம். முதலாளிக்கும் 2024 மாசியில் இருந்து, முதல் முறை பிடிபட்டாலே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். அதனால் அதிகாரிகள் வந்தால் "ஒருத்தருக்கும் தெரியாது" என்றவர் உங்களைத் தெரியாது என்றுதான் சொல்வார்.

இரண்டாவது: காசு வாங்காமல் சாப்பாடு மட்டும் வாங்கினாலும் அது கூலிதான்.

மூன்றாவது: தெருவில் வைத்துக் காசுக்குக் கார் திருத்துவது வேறொரு குற்றம். 2005ஆம் ஆண்டின் துப்புரவான அயல்புறங்கள், சுற்றாடல் சட்டத்தின்படி 2,500 பவுண் வரை தண்டம் வரலாம். பக்கத்து வீட்டு அண்ணையின் காரைக் காசு வாங்காமல், அயலவருக்குத் தொந்தரவு இல்லாமல், எண்ணெய் சிந்தாமல் பார்த்துக் கொடுப்பது வேறு விஷயம்.

நான்காவது: தொண்டு நிறுவனத்துக்கோ அரச நிறுவனத்துக்கோ சம்பளம் இல்லாமல் தொண்டு வேலை செய்யலாம். பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு போன்ற உண்மையான செலவை அவர்கள் தரலாம். தொடங்க முதல் எங்களிடமோ சட்டத்தரணியிடமோ ஒரு சொல்லுக் கேளுங்கோ.

ஐந்தாவது: உங்கள் பிழை இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு வரவில்லை என்றால், வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் குறிப்பிட்ட சில வேலைகள்தான் செய்யலாம். அந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் செய்ய வேணும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அப்ப வான்ர மற்றப் பக்கத்தையும் பாப்பம் ரீச்சர், அதுவும் பச்சை பிடிச்சுத்தான் இருக்கும்" என்றார். பார்த்தோம். பச்சைதான்.

இப்போது அவர் எங்கட வானைத் தொண்டராகக் கவனிக்கிறார். செய்த ஒவ்வொரு வேலையையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி, படம் எடுத்து வைக்கிறார். பார்த்த மெக்கானிக்கும் அதில் கையெழுத்து வைப்பார். முடிவு வந்து வேலை தேடப் போகிற நாளில் அந்தக் கொப்பி அவருக்காகப் பேசும். நீங்களும் அப்படி ஒரு கொப்பி வையுங்கோ. தச்சு வேலையோ, தையலோ, சமையலோ, எதுவாகவும் இருக்கட்டும்.

ஊரில் ஒன்றும் இல்லாத காலத்தில் இருப்பதை வைத்து ஓட்டினோம். அது எங்கட கெட்டித்தனம். இங்கே இன்னொன்றும் பழக வேணும்: மறைத்துச் சுத்தின டேப்புக்குள் தண்ணீர் நிற்கும். வயர் வேலையிலும் சரி, கேஸிலும் சரி, வெளிச்சமாகச் செய்ததுதான் நிலைக்கும்.

கிறிம்ப் குறடு தேவைப்படுபவர்களும், பெயில் பத்திரத்தை வாசித்து விளங்கப்படுத்தக் கேட்பவர்களும் நிலையத்துக்கு வாங்கோ. பத்திரத்தை மறக்காமல் கையோடு கொண்டுவாங்கோ.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்